கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவள்

எங்கள் கரையில் சும்மா உட்காருகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. தண்ணீர் வற்றினால் இறங்க வேண்டும், ஏறினால் கரைக்கு வர வேண்டும். நடுவில் நின்றுகொண்டு பேசலாம், ஒருத்தியை ஒருத்தி திட்டலாம். உட்காருவது சாப்பிடும்போதும் சாவு வீட்டிலும்தான். அதிலும் தண்ணீர் வற்றுகிற நேரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்து ஒருத்தி கல் மேல் உட்கார்ந்திருந்தால் அவள் மட்டித் திருடர்களுக்குக் காவல் இருக்கிறாள் என்று எங்கள் ஊர் அரேய்ராவில் ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். பின்னால் பாறை மறைவில் நாலு பேர் குனிந்து அள்ளிக்கொண்டிருப்பார்கள். முன்னால் இருப்பவள் போலீஸ் வண்டி வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால் கையால் ஏதாவது சாடை காட்டுவாள்.

அதனால் எர்மினியாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பார்த்ததைத்தான் மட்டி வாருகிற பெண்கள் சங்கத்தில் எழுதிக் கொடுத்தாள். பார்த்தது சொந்த அண்ணன் பெண்டாட்டி தொசிந்தாவாகப் போனதுதான் வினை.

நான் செல்சா. ரொட்டி வேன் ஓட்டுகிறேன். என் அண்ணன் அடுப்பில் வெந்த ரொட்டியை ஏற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், பத்து மணிக்குள் ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் தொங்குகிற துணிப்பையில் போட்டுவிடுவேன். எந்த வீட்டில் மகன் கோபித்துக்கொண்டு போனான், எந்த வீட்டில் விருந்தாளி வந்து போகாமல் இருக்கிறான் என்பதெல்லாம் பையைத் தொட்டாலே எனக்குத் தெரியும். ஊர் வம்பு எனக்குப் பிடிக்கும். அதில் வெட்கமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு வீட்டு விஷயத்தை மட்டும் ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரிக் காலையில் தொசிந்தா ஜன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். உள்ளே போனால் சமையலறை மேஜை மேல் காபிக் கெண்டி. அதன் திருகு மூடியைத் திறக்க முடியாமல் அவள் கண்ணெல்லாம் தண்ணீர். கை இரண்டும் புளித்த மாவு போலப் பொங்கியிருந்தன.

“தொறந்து குடு புள்ள,” என்றாள். “எதுவும் கேக்காத.”

திறந்து கொடுத்தேன். கேட்காமலும் இருக்கவில்லை.

“முடக்குவாதமாம். டாக்டர் சொன்னாரு, சாகிற வரைக்கும் கூடவே இருக்கும்னு. ரமிரோவைக் கட்டினப்பவும் பாதிரியார் இதேதான் சொன்னாரு. இது எனக்கு ரெண்டாவது கல்யாணம்.” சிரித்தாள். பிறகு முகம் மாறியது. “வெளியில சொன்னே, உன் வேன் டயர் நாலையும் கிழிச்சுடுவேன்.”

அவள் பயந்தது வலிக்கு இல்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. பல வருஷம் முன்னால் சர்க்கரை நோயை மறைத்து வேலை செய்த ஒருத்தி, முழங்கால் தண்ணீரில் மயங்கி விழுந்து செத்துப்போனாள். அதற்குப் பிறகு எழுதினார்கள்: தீராத நோய் உள்ளவள், நகரத்து மருத்துவக் குழு ‘தகுதி’ என்று தாள் தராமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. அந்தக் குழுவிடம் போனால் ஆறு மாதம் இழுக்கும். கடைசியில் பென்ஷன் தாளைக் கையில் கொடுத்து, லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தொசிந்தா பதினாறு வயதில் தன் அம்மாவுடன் மட்டி வாரப் போனவள். அந்த லைசென்ஸ் இல்லாமல் அவளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும்தான்.

ஊசி பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. குளிர்பெட்டியில் பன்றிக் கொழுப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாத்திரை. அதைப் போட்டால் சனிக்கிழமை முழுக்கக் குமட்டும். சட்டைப் பொத்தானை ரமிரோ போட்டுவிடுவான். கடலில் சிப்பி வளர்க்கிற மிதவை மேடைகளில் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அவன் விரல்கள் அந்தச் சின்னப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

யோகா வந்தது நோய் வந்த மூன்றாவது வருஷம். சுகாதார நிலைய நர்ஸ் இரியா, பழைய பள்ளிக்கூட மாடியில் செவ்வாய், வியாழன் வகுப்பு ஆரம்பித்தாள். அடுத்த அறையில் தம்பட்டக் குழு ஒத்திகை. இவர்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பெண்கள் ஊரே அதிரத் தட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் நானும் துணைக்குப் போனேன். படுத்தவுடன் தூங்கிவிட்டேன். குறட்டை விட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள், அது பொய்.

அன்று இரியா சொன்னாள், “வலியோட சண்டை போடாதீங்க. அது வந்து போறதைப் பாருங்க, போதும்.”

தொசிந்தா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “இங்க பாரு பொண்ணு, நான் சண்டைக்காரி. எங்க வம்சமே சண்டைக்கார வம்சம். அதை விட்டுட்டு வரச் சொன்னா நான் வீட்டுக்குப் போறேன்.”

இரியா கெட்டிக்காரி. “சரி, சண்டை போடுங்க. ஆனா எதிராளி எங்க நிக்கிறான்னு பாக்காம கத்தியை வீசுவீங்களா?”

அந்த வார்த்தை தொசிந்தாவுக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வகுப்பைத் தவறவிடவில்லை. எல்லா நாளும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வியாழக்கிழமை முழங்காலை மடக்க முடியாமல், பாயை உதைத்துத் தள்ளிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒரு குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் படுத்தபடியே மூச்சை எண்ணியதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. நோய் போகவில்லை. ஊசியும் நிற்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்று மாறியது. அதை அவளே ஒருநாள் எனக்குச் சொன்னாள்:

“முன்னாடியெல்லாம் காலையில கண்ணைத் தொறந்ததும் உடம்பு முழுக்க வலின்னு நெனப்பேன் செல்சா. இப்போ படுத்துக்கிட்டே ஒவ்வொரு எடமா போய்ப் பாக்கிறேன். வலது மணிக்கட்டு, ஆமா, இருக்கான். இடது கட்டைவிரல், இருக்கான். இடுப்பு? இன்னிக்கு இல்ல. குதிகால்? இல்ல. அடேய், நீ வீட்டையே வளைச்சுப் போட்டுட்டன்னு நெனச்சேனே, ரெண்டு ரூம்லதான் குடியிருக்கியா! அப்போ மிச்ச வீடு என்னுது. எழுந்துக்குவேன்.”

எனக்கு யோகாவைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. அந்த மிச்ச வீட்டை வைத்துக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போனாள் என்பது மட்டும் தெரியும்.

வேலை என்றால் விளையாட்டில்லை. நவம்பரில் மார்புவரை ரப்பர் உடுப்பு மாட்டி, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று, நீளக் கைப்பிடி வாருகோலால் மண்ணைக் கீறி இழுக்க வேண்டும். கீறி, அலசி, குனிந்து பொறுக்கி, அளவு வளையத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் நுழைந்துவிட்டால் குஞ்சு, திருப்பிப் போட வேண்டும். மூன்றரை மணி நேரம் இப்படி. வடகிழக்குக் காற்று அடித்தால் காது அறுந்து விழுவது போல இருக்கும். தூறல் பிடித்தால் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். மற்றவர்கள் வெறிபிடித்தாற்போல் முதல் ஒரு மணி நேரம் கீறிவிட்டு அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தொசிந்தா முதலிலிருந்து கடைசிவரை ஒரே தாளம். மூச்சை இழுக்கும்போது வாருகோல் போகும், விடும்போது வரும். பத்து இழுப்புக்கு ஒரு தடவை நின்று இரண்டு கையையும் தொங்கவிட்டு உதறுவாள். வாளி கடைசியில்தான் நிறையும். ஆனால் நிறையும்.

“ஏய் தொசிந்தா, வாருகோலோட வால்ட்ஸ் ஆடுறியா?” என்று யாராவது கத்துவார்கள்.

“ஆமாடி. உன் புருஷனைவிட நல்லா ஆடுது,” என்பாள் இவள். அவ்வளவுதான், கரை முழுக்கச் சிரிப்பு.

வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவள் கல்லில் உட்கார ஆரம்பித்தாள். வீட்டில் ரமிரோவின் ரேடியோ. மாடி அறையில் தம்பட்டம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. “எனக்கு வலிக்கிறது அங்கதான். குளிரும் அங்கதான். அங்கேயே உக்காந்து பழகினாத்தான் திங்கக்கிழமை அது என்னைப் பயமுறுத்தாது,” என்றாள். காலை எட்டரைக்குப் போவாள். சூரியன் எங்களுக்கு நிலத்துப் பக்கம், சாலைக்கு மேலேதான் உதிக்கும். முகத்தில் வெயில் பட வேண்டும் என்று அந்தப் பக்கம் திரும்பி உட்காருவாள். கடல் முதுகுக்குப் பின்னால். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி, கண்ணை மூடி ஒரு மணி நேரம்.

கல்லுக்கு இருநூறு அடி தள்ளிப் பாறைக்கு அந்தப்புறம் விதை மட்டி போட்ட இடம். கிறிஸ்துமஸுக்காகக் கட்டிக் காத்த இடம். வருஷம் முழுக்க வாருவது ஒரு பக்கம், அந்த மூன்று வாரம் வாருவது ஒரு பக்கம். நவம்பர் மாதம் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் நன்றாக வற்றிய காலையில், யாரோ அங்கே பெரிய மட்டி, குஞ்சு மட்டி என்று பார்க்காமல் உழுது அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை அதைப் பார்த்த பெண்கள் போட்ட கூச்சல் என் வேன் ஜன்னலைச் சாத்தியும் கேட்டது.

காவல் முறை சங்கத்தில் எல்லோருக்கும் உண்டு. இரண்டு பேராகக் கழுத்தில் விசிலோடு கரையைச் சுற்றி வர வேண்டும். இரண்டாவது ஞாயிறு எர்மினியாவின் முறை. கூட வர வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தனியாக வந்தாள். தூரத்தில் படகுத்துறையிலிருந்து அண்ணியைப் பார்த்தாள். கடலுக்கு முதுகு. கண் சாலைப் பக்கம். விரல்கள் மடங்கி மடங்கி நீளுகின்றன. விசிலை வாயில் வைத்தவள் ஊதாமல் வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். மறுநாள் காலை என் வேனை நடுச்சாலையில் மறித்தாள்.

“செல்சா, ஒண்ணு கேப்பேன், உண்மையைச் சொல்லணும். ஞாயித்துக்கெழமை அந்தக் கல்லுல எங்க அண்ணி உக்காந்திருந்ததை நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அதுக்கு முந்தின தடவையும்?”

“பாத்தேன்.”

“எந்தப் பக்கம் பாத்து?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். காரணத்தைச் சொன்னால் நோய் வெளியே வந்துவிடும். “சாலையைப் பாத்து,” என்றேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ரகசியம் காத்ததாக நினைத்துக்கொண்டு ஒருத்தியைத் திருடியாக்கிவிட்டு, மிச்ச ரொட்டியைப் போடப் போய்விட்டேன். மடைச்சி.

புகார் போனது. சனிக்கிழமை நாலு மணிக்கு மீன் ஏலக் கொட்டகையில் கூட்டம் என்று தாள் ஒட்டினார்கள். திருட்டுக்குத் துணை போனவளின் லைசென்ஸ் அன்றே போய்விடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் கீரைத்தண்டும் உருளைக்கிழங்கும் பன்றி எலும்பும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ரமிரோ மேஜையில் ஒரு தாளை விரித்து வைத்திருந்தான். பென்ஷன் விண்ணப்பம். தொசிந்தா அதன் மேல் சோள ரொட்டித் தட்டை வைத்திருந்தாள்.

“தட்டை எடு,” என்றான் ரமிரோ.

“சாப்பிடு மொதல்ல.”

“தொசிந்தா, நாளைக்கு ரெண்டுல ஒண்ணுதான். வாயை மூடிக்கிட்டு இருந்தா நீ திருடி. வாயைத் தொறந்தா நீ நோயாளி. ரெண்டுலயும் லைசென்ஸ் போகுது. திருடின்னு பேர் வாங்கிட்டுப் போறதைவிட இதுல கையெழுத்துப் போட்டுட்டு கௌரவமா வீட்ல உக்காரலாம்ல?”

“வீட்ல உக்காந்து?”

“ஓய்வெடு. உன் யோகாவைச் செய்யி. நாள் முழுக்கச் செய்யி, யாரு வேணாங்கிறா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ரமிரோ, நான் எதுக்கு அதைச் செய்யிறேன்னு நெனச்சே? வீட்ல உக்காரத் தெம்பு வரணும்னா? உக்காரதுக்கு எதுக்குய்யா தெம்பு? மட்டி வாரத்தான் மூச்சு விடறேன். வாருகோல் இல்லன்னா எனக்கு யோகாவும் வேணாம், மூச்சும் வேணாம்.”

“அப்படிப் பேசாத.”

“பேசுவேன்.”

“ராத்திரி நீ பல்லைக் கடிக்கிறது எனக்குத்தான் கேக்குது,” என்றான் அவன். “ஊருக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது.”

அவள் அவன் தலைமுடியில் கையை வைத்தாள். விரல்கள் முழுதாக நீளவில்லை, ஆனாலும் வைத்தாள். “கேக்கும்தான். நீ என் புருஷன், உனக்குக் கேக்கத்தான் வேணும். சூப்பைக் குடி, ஆறுது.”

நான் அங்கேயே என் தப்பைச் சொன்னேன். எர்மினியா கேட்டதும் நான் சொன்னதும். தொசிந்தா என்னை முறைத்துப் பார்த்தாள்.

“டயரைக் கிழிக்கட்டுமா?”

“கிழி.”

“நாளைக்குக் கூட்டத்துக்கு ரொட்டி கொண்டு வரணும்ல நீ. அப்புறமா கிழிக்கிறேன்.”

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அதனால் நான் சங்கத்தில் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை மூன்றரைக்கே மட்டி அடைத்த சோளமாவு ரொட்டித் தட்டுகளோடு கொட்டகையில் இருந்தேன். வெளியே நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. தரையெல்லாம் மீன் கழுவிய ஈரம். தலைவியோடு சேர்த்து நாற்பத்திரண்டு சங்கத்துப் பெண்கள் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எடைத் தராசுக்குப் பக்கத்தில் தலைவி பல்பினா. அவள் பக்கத்தில் எழுத்தர் ஃபெர்மின், கொட்டகையில் இருந்த ஒரே ஆண்பிள்ளை. ரமிரோகூட மழையில் வாசலில்தான் நின்றான்.

எர்மினியா எழுந்து பார்த்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடிக்கும்போது அழுதாள்.

பல்பினா கேட்டாள், “தொசிந்தா, நீ அங்க இருந்தியா?”

“இருந்தேன்.”

“சாலையைப் பாத்துக்கிட்டு?”

“கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். மூஞ்சி சாலைப் பக்கம் இருந்துச்சு.”

“கையால சாடை காட்டினதா எர்மினியா சொல்றா.”

தொசிந்தா எழுந்தாள். கையுறையைக் கழற்றினாள். அது லேசில் வராமல் பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை மெதுவாக மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிக் காட்டினாள். முழுசாக மடங்கவில்லை, முழுசாக நீளவும் இல்லை. விரல் முட்டிகள் கோலிக்குண்டு மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன.

“இதான் சாடை,” என்றாள். “முடக்குவாதம். ஆறு வருஷமாச்சு. தீராது. கல்லுல உக்காந்து யோகா பண்றேன், தியானம் பண்றேன், விரலுக்குப் பயிற்சி குடுக்கிறேன். சிரிக்கிறவங்க இப்போ சிரிச்சுக்கலாம், எனக்கு அவசரமில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. எர்மினியா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“கண்ணை மூடி இருந்ததால திருடங்களையும் பாக்கல. அது என் தப்புதான். ஒத்துக்கிறேன். காதாவது கேட்டிருக்கணும். நான் என் கட்டைவிரலைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

பல்பினா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “திருட்டுக் குத்தச்சாட்டைத் தள்ளியாச்சு, ஃபெர்மின், எழுது.” பிறகு பெருமூச்சு விட்டாள். “ஆனா நீ இப்போ சொன்னதை நாங்க கேட்டுட்டோமே புள்ள. விதி உனக்கே தெரியும். மருத்துவக் குழு தாள் குடுக்கிற வரைக்கும்…”

“தெரியும். அந்த விதியை எழுதினப்போ நானும்தான் ஓட்டுப் போட்டேன். செத்தவ தன் நோயைப் பாக்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. சாப்பிடாம இறங்கினா. விழுந்தா. நான் தெனம் காலையில என் நோயை மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டுத்தான் கட்டிலைவிட்டு இறங்குறேன். இன்னிக்கு எங்க இருக்கான், எவ்வளவு இருக்கான்னு எனக்குத் தெரியும். உங்கள்ல எத்தனை பேருக்கு உங்க இடுப்பைப் பத்தித் தெரியும்? ரொசால்வா, நீ தெனம் ரெண்டு மாத்திரை முழுங்கிட்டுத்தானே இறங்குற? உனக்கு நோய் இல்லயா? உனக்கு டாக்டர்கிட்ட போகப் பயம், அவ்வளவுதான்.”

“என்னை ஏன் இழுக்குற?” என்றாள் ரொசால்வா. ஆனால் குரலில் பலமில்லை.

“ஆறு வருஷத்துல எந்த நாள் என் வாளி நிறையாம வந்துச்சு? எவ என் பங்கைச் சேத்து வாரினா? சொல்லுங்க. ஒருத்தி சொன்னாலும் நானே லைசென்ஸைக் கிழிச்சுத் தராசுல போடறேன்.”

பல்பினா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். “விதியை நான் மாத்த முடியாது. சபை மாத்தலாம். குழுவோட தாள் வர்ற வரைக்கும் தொசிந்தா தன் பொறுப்புல தண்ணில இறங்கலாமா? ஓட்டு.”

எங்கள் கொட்டகையில் ஓட்டுப் போட ஒரு முறை உண்டு. இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளாமல் காதுவரை மட்டும் கையைத் தூக்கித் தப்பித்த தந்திரக்காரிகள் முன்பு நிறைய இருந்தார்கள். அதனால் தலைக்கு மேல் நேராகப் போகாத கை எண்ணிக்கையில் வராது. ஃபெர்மின் பெட்டி மேல் ஏறி நின்று எண்ணுவான்.

இறங்கலாம் என்று இருபது கை. ரொசால்வாவின் கை அதில் இருந்தது. இறங்கக் கூடாது என்று இருபது கை. அதில் எர்மினியாவின் கையும் இருந்தது.

“நீயுமா?” என்று நான் ரொட்டித் தட்டுக்குப் பின்னாலிருந்து கத்தியே விட்டேன். சங்கத்துக்காரி இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

எர்மினியா திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “அவ செத்துப் போயிருவா செல்சா! அண்ணி, நான் உன்னைத் திருடின்னு சொன்னதுக்கு என்னைச் செருப்பால அடி. ஆனா உன்னை அந்தத் தண்ணில இறக்க நான் கை தூக்க மாட்டேன்.”

“தூக்காத,” என்றாள் தொசிந்தா. கோபமே இல்லாமல் சொன்னாள். “நீ பாசத்துல சொல்ற. எனக்கு உன் பாசமும் வேணும், என் வாருகோலும் வேணும். ரெண்டையும் விடமாட்டேன்.”

தலைவிக்கு ஓட்டுக் கிடையாது. சமமாக வந்தால் பழைய விதிதான் நிற்கும். பல்பினா தாளை மடிக்கப் போனாள்.

“இன்னும் நான் போடல,” என்றாள் தொசிந்தா.

“உன் விஷயத்துக்கு நீயே எப்படிடி போடுவ?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

எல்லோரும் ஃபெர்மினைப் பார்த்தார்கள். அவன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். “கூடாதுன்னு எங்கயும் இல்ல,” என்றான்.

“அப்போ எண்ணு.”

அவள் வலது கையைத் தூக்க ஆரம்பித்தாள். மார்புவரை சுலபமாக வந்தது. தோள் உயரத்தில் நின்றுவிட்டது. அங்கேயே நின்றது. குளிர்காலத்தில் அந்தத் தோள் அதற்கு மேல் போகாது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். விடும்போது கை ஒரு விரற்கடை ஏறியது. மறுபடி இழுத்தாள், விட்டாள். இன்னும் ஒரு விரற்கடை. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் முழங்கையைத் தாங்க எழுந்தாள்.

“தொடாத,” என்றாள் தொசிந்தா, கண்ணைத் திறக்காமல்.

நான் அவள் மூச்சோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. சுற்றிப் பார்த்தால் பாதிப் பெண்களும் அப்படித்தான். இறங்கக் கூடாது என்று கை தூக்கியவர்களும்கூட. வாசலில் ரமிரோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மழை அவன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. கை காதைத் தாண்டியது. நெற்றியைத் தாண்டியது. விரல்கள் கோணியபடியே, முழங்கை வளைந்தபடியே, தலைக்கு மேல் போய் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

ஃபெர்மின் பெட்டி மேல் நின்று அந்த ஒரு கையை விரலால் சுட்டி எண்ணினான். “இருபத்தொண்ணு.”

“எழுது,” என்றாள் பல்பினா. பேனா ஓடியது. “எழுதியாச்சு தொசிந்தா. இறக்கிக்கோ.”

தொசிந்தா கண்ணைத் திறந்தாள்.

“அது இறங்க நேரமாகும். நீங்க அடுத்த விஷயத்தைப் பேசுங்க.”